வீட்டுக்கு வராத முதல் தரம்

முதல் தரம் வீட்டுக்குள் வராது.

போடியில் பலவேசத்தின் வீட்டில் இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கும் எழுதிவைத்ததும் இல்லை. எழுதியிருந்தால் ஒருத்தியாவது அதில் திருத்தம் கேட்டிருப்பாள். மலையிலிருந்து மூட்டைகளாக இறங்கும் ஏலக்காய், வீட்டின் முன்கட்டிலேயே இருந்த சரக்குக் கிட்டங்கியில் சல்லடை ஏறி, பெண்களின் சொளகு முறங்களில் பரவி, தரம் பிரிந்து வெளியேறும். எட்டு எம்.எம். பருமனுள்ள பச்சைக் காய் ஏல மையத்துக்குப் போகும். அதற்கு இளைத்தது வடக்கத்தி வியாபாரிகளுக்குப் போகும். வெடித்ததும் வெளுத்ததும் மட்டும் பின்கட்டு அடுப்படிக்கு வரும். காயில் தொடங்கிய அந்த வழக்கம் காலப்போக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் பரவியிருந்தது. மாம்பழக் கூடையில் விருந்தாளிகள் ஒதுக்கியவை, ஜவுளிக்கடையில் சாயம் மங்கித் தள்ளுபடிக்கு வந்த சேலை, கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை… இவையெல்லாம் வீட்டுக்கு. அதிலும் வீட்டுப் பெண்களுக்கு.

சண்முகத்தாய் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. எத்தனையோ இலட்சம் முதல் தரக் காய்கள் அவள் விரல்களைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றைக்கூட அவள் வாயில் போட்டதில்லை.

அன்று காலை கிட்டங்கி மேசையின் மேல், எடைக்கல் ஒன்றின் கீழ், இரண்டு தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. போன வாரம் சொளகைப் பிடித்தபடியே சண்முகத்தாய் மயங்கிச் சாய்ந்திருந்தாள். தேனியில் இதய மருத்துவர் மகிமா அவள் மார்பில் கருவி ஒன்றை ஒட்டி இரண்டு நாள் துடிப்பைப் பதிவுசெய்து பார்த்தார். துடிப்பு நாற்பதுக்குக் கீழே இறங்குகிறது, சில சமயம் நான்கு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி தொடங்குகிறது என்றார். இந்த வாரத்துக்குள் பேஸ்மேக்கர் பொருத்தியாக வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று சாதாரணமானது; மற்றொன்று, தாளில் அச்சிட்டிருந்தபடி, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஒத்துவரக்கூடியது, விலையும் கூடியது. மருமகள் அபிதா அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

"இதுல என்னத்தா யோசன?" என்றார் பலவேசம். சொளகிலிருந்து இரண்டு காய்களை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் நெஞ்சைத் துடிக்க வைக்கும்னு டாக்டரே சொல்லிட்டாக. அப்புறம் என்ன? எட்டு எம்.எம்.மையும் ஏழு எம்.எம்.மையும் வாயில போட்டா ருசி ஒன்னுதான். பெருசுக்கு ஏன் வெல கூட? பாக்குற கண்ணுக்கு! நெஞ்சுக்குள்ள வச்சுத் தைக்கிறத எவன் வந்து பாக்கப்போறான்?"

அவர் கஞ்சரும் அல்லர், கல்நெஞ்சரும் அல்லர். நாற்பது ஆண்டு வியாபாரம் அவருக்கு ஒரே ஒரு பாடத்தை மிக ஆழமாகக் கற்பித்திருந்தது. அந்தப் பாடம் செல்லுபடியாகாத இடம் ஒன்று இருக்கக்கூடும் என்பதை மட்டும் கற்பிக்கவில்லை.

"மாமா, இது சைசு இல்ல… இது வேற விசயம்…" என்று தொடங்கினாள் அபிதா.

"ஏத்தா அபிதா!" எதிரே உட்கார்ந்திருந்த முத்துமாரியம்மாள் தலையை நிமிர்த்தினாள். "நீ கடமலைக்குண்டுல இருந்து வந்து ரெண்டு வருசம். காயவே இன்னும் ஒழுங்காப் பொறக்கத் தெரியல… மிஷினப் பொறக்க வந்துட்டா!"

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சொளகுக்குள் குனிந்து சிரித்தார்கள்.

முத்துமாரியம்மாள் பலவேசத்தின் அக்கா. கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி இருபத்து நான்கு ஆண்டுகள். ஒரு காயைத் தொட்டே அது எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று சொல்லிவிடுவாள். கிட்டங்கி அவள் ஆட்சி. அந்த ஆட்சியில் அவளுக்குத் தீராத மனக்குறை ஒன்றிருந்தது: தம்பி பெண்டாட்டி அவள் முன்னால் இடது காலை நீட்டி உட்காருவாள்.

"பாருங்கடி… பெரியவ எதுக்க உக்காந்திருக்கேன். ஒரு மட்டுமருவாத இருக்கா? காலு எப்படி நீண்டு கெடக்குன்னு பாருங்க! நான் தலவலியில சாகக் கெடந்தப்பவே வண்டியில ஏற மாட்டேன்னு நட்டமா நின்னவதான இவ! என் தம்பி மட்டும் அன்னைக்கு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடலன்னா, இந்நேரம் எனக்குப் பதினோராவது தெவசம்!"

சண்முகத்தாய் இடது முழங்காலைக் கையால் பிடித்து, ஒரு பொருளை நகர்த்துவது போல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு, பதினோரு ஆண்டுகளாகப் பழகிய அதே குரலில் சொன்னாள்:

"எனக்குச் சாதாவே போதும்ங்க."

கிட்டங்கியே மூச்சு விட்டது போலிருந்தது. பலவேசம் சிவப்பு வட்டமிட்ட தாளை மடித்தார். ஆனால் அபிதா அதை அவர் கையிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

"சாதாவோ நல்லதோ… நாளைக்குள்ள சொல்லணும்னு டாக்டர் சொல்லிருக்காக. அதுக்கு முன்னாடி எல்லாருமா ஒருக்கப் போயி, எதுக்கு என்ன வித்தியாசம்னு கேட்டுட்டு வந்துருவோம் மாமா. கேக்குறதுல என்ன கொறஞ்சுபோகும்?"

"நானும் வாரேன்," என்று எழுந்தாள் முத்துமாரியம்மாள். "வெவரம் தெரியாதவகன்னு நெனச்சு அந்த டாக்டரம்மா நம்ம தலையில மொளகா அரச்சுறக் கூடாது பாரு!"

*

தேனி மருத்துவமனையில் மருத்துவர் மகிமா அவர்கள் பேசியதை முழுதும் கேட்டார். எட்டு எம்.எம். உவமையைக் கேட்டபோது மட்டும் லேசாகச் சிரித்தார்.

"நீங்க சொல்றதுல பாதி சரி ஐயா. ரெண்டும் ஒரே மாதிரிதான் துடிக்க வைக்கும். வித்தியாசம் நெஞ்சுல இல்ல. நாளைக்கு இவங்களுக்கு மூளையிலயோ முதுகுத்தண்டுலயோ ஒரு கோளாறுன்னு வைங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கணும். பெரிய குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள்ள படுக்க வச்சு, கடகடன்னு சத்தம் கேக்குமே… அது முழுக்கக் காந்தம். சாதாரணக் கருவி வச்சிருந்தா நிறைய இடத்துல உள்ளயே விட மாட்டாங்க. பெரிய ஊர்ல சில ஆஸ்பத்திரியில ரொம்ப யோசிச்சு எடுப்பாங்க. இல்லன்னு சொல்லல. ஆனா அவசரத்துக்கு அது உங்களுக்குக் கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

முத்துமாரியம்மாளின் கை தன்னையறியாமல் உச்சந்தலைக்குப் போனது. முடிக்குள் ஒளிந்திருந்த பழைய தழும்பை விரல்கள் தடவின.

"அந்தக் குழா மிஷினா டாக்டரம்மா? என்னைய உள்ள தள்ளுனாகளே… காதுல பஞ்சு வச்சு… அதுல பாத்துத்தான என் மண்டைக்குள்ள கட்டி இருக்குன்னே கண்டுபிடிச்சாக!"

"அதேதாம்மா. அந்தப் படம் இல்லன்னா உங்களைக் காப்பாத்தியிருக்க முடியாது."

பலவேசம் விடவில்லை. "சரிங்க டாக்டர். இப்பச் சாதாவ வச்சுக்கிட்டு, தேவப்பட்டா பின்னாடி நல்லதா மாத்திக்கிற முடியாதா?"

"பேட்டரி இருக்குற பெட்டியைப் பத்து வருசம் கழிச்சு எப்படியும் மாத்துவோம். ஆனா அதுலருந்து இதயத்துக்குப் போற வயர் ரத்தக்குழாய்க்குள்ளயே ஒட்டிக்கிடும். அதை உருவி எடுக்கிறது லேசான காரியமில்ல. பெட்டியும் வயரும் ரெண்டும் சேர்ந்து ஒத்துவந்தாத்தான் ஸ்கேன். அதனால முடிவு இப்பத்தான். எல்லாருக்கும் இது கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்குக் கடைசி வரைக்கும் ஸ்கேன் தேவைப்படாமலே போகலாம்." அவர் சண்முகத்தாயிடம் திரும்பினார். "முதுகுல, கால்ல ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?"

"அப்படியெல்லாம் ஒன்னுமில்ல டாக்டர்…"

அபிதா குனிந்தாள். மாமியாரின் நாற்காலிக்கடியில் கிடந்த செருப்புகளை எடுத்து மருத்துவரின் மேசைமேல் வைத்தாள்.

"அடியே! செருப்பக் கொண்டுபோயி மேசையிலயா…" என்று பதறினாள் முத்துமாரியம்மாள்.

"பெரியம்மா, உங்க கண்ணுக்குத் தப்புன காயே கெடையாதும்பீகளே… இதப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல வாங்குனது. வலது செருப்பு நல்லா இருக்கு. எடது செருப்புல முன்பக்கம் மட்டும் ஏன் ஓட்டையாகிக் கெடக்கு?"

முத்துமாரியம்மாள் பார்த்தாள். தரம் பார்த்தே பழகிய கண்கள்… அவற்றால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டைவிரல் பதியும் இடம் தரையில் இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்து, ஓட்டை விழுந்திருந்தது.

மருத்துவர் எழுந்து வந்தார். "ரெண்டு கால் கட்டைவிரலையும் மேல தூக்குங்கம்மா." வலது விரல் எழுந்தது. இடது விரல் நடுங்கியது, எழவில்லை. "முதுகு நரம்பு எங்கயோ அழுந்திக் கிடக்கு. இது ரொம்ப நாளா இருக்கணுமே! யாருமே ஸ்கேன் எடுக்கச் சொல்லலையா?"

"இல்ல டாக்டர்…" என்றாள் சண்முகத்தாய், தலையைக் குனிந்தபடி.

"சொன்னாக."

குரல் பலவேசத்துடையது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி மதுரையில சொன்னாக. அந்த ஸ்கேன் தேதி… அது இவளுக்கு வாங்குன தேதி, அக்கா. உனக்கு இல்ல. அன்னைக்கு விடியக்காலையில நீ வாந்தி எடுத்துக் கண்ணு சொருகிக் கெடந்த. 'எனக்கு வலி விட்டுப்போச்சு, என் எடத்துல மதினியக் கூட்டிட்டுப் போங்க'ன்னு இவதான் உன்னைய வண்டியில ஏத்திவிட்டா. இவ ஏன் ஏறலன்னா… பின்சீட்டுல நீ படுத்திருந்த, உக்காந்துக்கிட்டு வர இவளால முடியலக்கா. அந்த வலி! 'மதினிகிட்டச் சொல்லிராதீக, சங்கடப்படுவாக'ன்னா. நானும் சொல்லல. அப்புறம் காய் சீசன் வந்துருச்சு. வலி எப்படி இருக்குன்னு கேட்டா, இல்லன்னா… நம்பிக்கிட்டேன். நம்புறது எனக்கு லேசா இருந்துச்சு டாக்டர்…"

அவர் குரல் உடைந்தது. 

முத்துமாரியம்மாள் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினோரு ஆண்டுகள்! இந்தக் கால்தான் அவள் எதிரே நீண்டு கிடந்தது. இந்தக் காலைத்தான் திமிர் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். ஆயிரம் காய்க்கு நடுவில் ஒரு சொத்தையைக் கண்டுபிடிப்பவள், கைக்கெட்டும் தூரத்தில் நீண்டு கிடந்த ஒரு வலியைத் தரம் மாற்றிப் போட்டிருந்தாள்!

"டாக்டர், நல்லதையே வைங்க!" பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழக்கம் விடாமல் உடனே கேட்டார்: "இல்ல… இப்பவே முதல்ல ஸ்கேன எடுத்துட்டு, அப்புறமா வச்சா?"

"நாலு நொடி நின்னு துடிக்கிற நெஞ்சை வச்சுக்கிட்டு நாள் கடத்த எனக்குத் துணிச்சல் இல்ல ஐயா. அதோட இது ஒரு படத்துல முடியாது. வைத்தியம் பண்ணப் பண்ண மறுபடி எடுக்க வேண்டி வரும். முதல்ல கருவி. ஆறு வாரம் போகட்டும். அப்புறம் அதுக்குன்னு ஒருத்தர் வந்து கருவியை ஸ்கேனுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணி வைப்பார், பக்கத்துலயே நின்னு கவனிச்சுக்கிட்டே எடுத்துடலாம்." அவர் நிறுத்தினார். "ஆனா எதை வைக்கணும்னு அவங்க சொல்லட்டும். நெஞ்சு அவங்களோடது."

சண்முகத்தாய் வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் தயாராக வந்து நின்ற சொல் 'சாதாவே போதும்' என்பதாக இருந்தது! கணவர் கண் கலங்கி இருக்கும்போதும், இத்தனை வெளிச்சத்துக்குப் பிறகும், அந்தச் சொல்தான் முந்திக்கொண்டு வந்தது. அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதைக் கண்டு அவள் முதன்முறையாகப் பயந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில நானே போன் போட்டுச் சொல்றேன் டாக்டர்."

*

திரும்பும்போது பலவேசம் வண்டியை ஓட்டினார். அபிதா முன்னால் உட்கார்ந்தாள். பின்னிருக்கையில் இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். கோடாங்கிபட்டியைத் தாண்டியதும் மலை கண்ணுக்குள் வந்தது.

"நீட்டு," என்றாள் முத்துமாரியம்மாள்.

"என்ன மதினி?"

"கால நீட்டுடின்னேன்!"

"வேண்டாம் மதினி… நீங்க பெரியவுக…"

"பெரியவ! என்னத்தப் பெரியவ…" முத்துமாரியம்மாள் குனிந்தாள். சண்முகத்தாயின் இடது பாதத்தைப் பிடித்துத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அசையாத அந்தக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் பொத்தினாள். "உன் எடத்துல ஏறிப்போயி உசிரோட திரும்பி வந்தவடி நான்… வந்து உன்னையவே வஞ்சேன். பதினோரு வருசமும் காலக் காட்டிக் காட்டி வஞ்சேன். ஒரு நா… ஒரே ஒரு நா, 'வலிக்குது மதினி'ன்னு சொன்னா என்னடி? நான் என்ன பேயா?"

"நம்ம வீட்டுல எவ மதினி சொல்லிருக்கா?" சண்முகத்தாயின் கண்கள் நிறைந்தன. "நீங்க சொன்னீகளா? மூனு மாசம் தலவலிய எண்ணெயத் தேச்சுக்கிட்டு மறச்சீகளே… கண்ணு சொருகி விழுந்த அன்னைக்குத்தான எங்களுக்கே தெரியும்?"

முத்துமாரியம்மாளிடமிருந்து "ஆத்தா…" என்று ஒரு சொல் மட்டும் வெளிவந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இருவரும் முதன்முறையாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள்! முன்னிருக்கையில் பலவேசம் ஒரு கையால் முகத்தைத் துடைத்தார். மறுகை வண்டியைப் போடிக்குக் கொண்டுசென்றது.

"அந்தக் குழாய்க்குள்ள போறன்னைக்கு வெளிய நான் உக்காந்திருப்பேன்," என்றாள் முத்துமாரியம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. "சத்தம் பயங்கரமா இருக்கும். பயப்படாத. நல்லதையே வச்சுக்க. தம்பி வாங்கித் தருவான்."

சண்முகத்தாய் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுக வாங்கித் தரட்டும் மதினி. ஆனா அவுக மனசு எளகித் தந்ததா அது இருக்கக் கூடாது. எனக்கு வேணும்னு நான் கேட்டதா இருக்கணும். அதைக் கேட்டு எனக்குப் பழக்கமில்ல… அதுக்குத்தான் ஒரு பொழுது கேட்டேன்."

*

மறுநாள் காலை கிட்டங்கியில் பதினெட்டுப் பெண்கள் சொளகோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏல மையத்துக்குப் போக வேண்டிய மூட்டைகள் வாய் தைத்து வாசலருகே அடுக்கியிருந்தன. வண்டி வந்துவிட்டது. பலவேசம் வாசலில் நின்று ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அபிதா கிட்டங்கி மூலையிலிருந்து வெடித்த காய் டப்பாவை எடுத்துக்கொண்டு டீ வைக்க அடுப்படிக்குக் கிளம்பினாள்.

"அபிதா, அதை வையி," என்றாள் சண்முகத்தாய்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மறைக்காமல் இழுத்துக்கொண்டு, எல்லோர் பார்வைக்கும் நடுவே மூட்டைகளிடம் போனாள். கத்தரிக்கோலை எடுத்து மேல் மூட்டையின் தையலை வெட்டினாள்.

"ஏத்தா… அது எட்டு எம்.எம்.!" என்று ஓடிவந்தார் பலவேசம்.

"தெரியும்ங்க. நான் பொறக்குனதுதான."

சொளகுகள் நின்றன. பதினெட்டுப் பெண்களும் ஒரே திசையில் பார்த்தார்கள். பிறகு, அடுத்து என்ன நடக்கும் என்று முத்துமாரியம்மாளைப் பார்த்தார்கள். விதியைக் காத்தவள் அவள்தானே! அவள் எழுந்து வந்தாள். மூட்டையின் வாயை இரு கைகளாலும் அகலப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா அள்ளு," என்றாள்.

சண்முகத்தாய் இரண்டு கை நிறைய அள்ளி அபிதாவின் முந்தானையில் போட்டாள். "இன்னைக்கு இங்கன உக்காந்திருக்குற எல்லாருக்கும் இதத் தட்டிப் போட்டு டீ வையி. உனக்கும்."

பிறகு ஒரே ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். பச்சைத் தோல் வெடித்தது. உள்ளிருந்த கறுத்த ஏலரிசி நாக்கில் உருண்டது. மலையே வாய்க்குள் இறங்கியது போல ஒரு மணம் தொண்டைக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் ஏறியது! முப்பத்தோரு ஆண்டுகள் விரலில் ஒட்டியிருந்த மணம்தான். வாய்க்கு இன்றுதான் வந்திருந்தது. அவள் கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ருசி ஒன்னுதான்னு சொன்னீகளே…"

"ஆமா…"

"நீங்களும் தின்னு பாத்ததில்லல்ல?"

பலவேசம் விழித்தார். யோசித்தார். வியாபாரத்தில் நாற்பது ஆண்டு! மெதுவாகத் தலையை அசைத்தார். "இல்லத்தா."

"ருசி ஒன்னு இல்லங்க," என்றாள் சண்முகத்தாய். இன்னொரு காயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மேசையிலிருந்த அலைபேசியை எடுத்துத் தேனிக்குப் பேசினாள். பதினெட்டுப் பெண்களுக்கும், வாசலில் நின்ற வண்டிக்காரருக்கும், பின்கட்டு வரைக்கும் கேட்கும்படியான குரலில் பேசினாள்:

"டாக்டர், நான் சண்முகத்தாய் பேசுறேன், போடியில இருந்து. எனக்கு அந்த எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவர்றதையே வைங்க. ஆமா… எனக்குத்தான். எனக்கு வேணும்!"